குளோரின் அக்கா வெளுத்த பல்

குளோரின் அக்கா என்ற பெயரை முதலில் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒட்டிக்கொண்டதற்கான காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் அவள் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஜன்னலைத் திறந்துவிடுவார். நீச்சல் குளத்து ஓரமாக நடந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. அவளுக்கு அதில் வெட்கம் கிடையாது. "நாறுறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்பாள். தன்னைத் தவிர மற்ற மனிதர்கள் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் நாறுகிறார்கள் என்பது அவளுடைய உறுதியான கருத்து.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை அப்படி. முந்நூறு படுக்கை உள்ள மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைக் கூடம். அதில் அழுக்குப் பக்கத்துக்கு அவள்தான் மேற்பார்வை, முப்பத்தோரு வருடமாக. வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளை நீள மேஜையில் கொட்டி, கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்துவிட்டு மெஷினுக்குள் தள்ள வேண்டும். உதறினால் என்னதான் விழாது? ஊசி விழும். உறைந்து கறுத்த பஞ்சு விழும். பாதி கடித்த முட்டை விழும். ஒரு முறை யாருடைய கால் கட்டோ சுருண்டு வந்தது, அதை விரித்தால் உள்ளே ஒரு முழு நகம், பெருவிரல் நகம், மஞ்சளாக, அடியில் கொஞ்சம் சதையோடு. சொல்லவே கூசுகிறது. ஆனால் இவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

இவை அத்தனையையும் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று, பல் செட். வாரத்துக்கு இரண்டு மூன்றாவது தலையணை உறைக்குள் வந்துவிடும். உறைக்குள் கையை விட்டால் யாரோ உள்ளிருந்து விரலைப் பிடிப்பது மாதிரி தட்டுப்படும். வெளியே எடுத்தால் அந்தக் கேவலமான ரோஜா நிற ஈறு, இடுக்குகளில் நேற்றைய காய்கறி, காய்ந்த எச்சில். இடுக்கியால் பிடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வார்டுக்குப் போன் செய்வாள். ஒரு நாள் செட்டுக்குச் சொந்தக்காரரே நேரில் இறங்கி வந்துவிட்டார். டப்பாவைத் திறந்தார், தன்னுடையதை எடுத்தார், சட்டையில் இரண்டு தேய் தேய்த்தார், அவள் கண்ணெதிரிலேயே டக்கென்று வாயில் மாட்டிக்கொண்டு "ரொம்ப நன்றிம்மா" என்று சிரித்தார். அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சலவைக் கூடத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். மெஷின்கள் சுவருக்குள்ளேயே பதித்தவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்துக் கதவு வழியாகத் துணி உள்ளே போகும், சோடாவிலும் பிளீச்சிலும் கொதித்துப் புரளும், சுத்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வரும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. மனிதர்கள் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் குளித்து உடை மாற்றிக்கொண்டு போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக ஒரு பேனாவை அந்தப் பக்கம் நீட்டிவிட்டாள் என்பதற்காக அக்கா அவளோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழுக்கான ஒரு பொருள் திரும்பி வருவதென்றால் மெஷின் வழியாக வரட்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம். இது வேலை இடத்துச் சட்டம் மட்டுமில்லை, வீட்டுக்கும் இதேதான்.

வீட்டில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் ஒரே ஒருவர், அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எலி செத்து ஒரு வாரமான லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலையை முடித்துவிட்டு, அங்கேயே கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த எலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்கிற ஆள். இப்படிப்பட்டவர் இப்படிப்பட்டவளுக்கு எப்படித்தான் வாய்த்தாரோ. பதினோரு வருடத்துக்கு முன் அவருக்கு ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு முழுசாகப் பல் செட் வைத்தார்கள். முதல் நாள் இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். நாலு வாய் போவதற்குள் செட்டுக்கு அடியில் ஏதோ சிக்கிக்கொண்டது. மனுஷன் யோசிக்கவே இல்லை, செட்டைக் கழற்றித் தண்ணீர்க் குவளைக்குள் முக்கி அலசி மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் எழுந்துவிட்டாள்.

"என்னைப் பாத்தா உனக்குச் சாப்பாடு இறங்காதுன்னா நான் அந்தப் பக்கம் போயிடுறேன், விடு" என்றார் அவர்.

அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து நடையில், துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தவர்தான். வேளாவேளைக்கு அங்கேதான் சாப்பாடு. நடையின் கதவைச் சாத்திக்கொள்வார், சத்தம் கேட்கக் கூடாதே என்று. யாராவது கேட்டால், "எனக்குத் தனி டைனிங் ரூம், பெரிய மனுஷன் இல்லையா" என்பார். அவருக்கு அதில் வருத்தம் உண்டா இல்லையா என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் முகம் சுளிக்காத ஆள், தான் சுளிக்கிற ஆள், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டாள்.

தன் பல்லைப் பற்றி அவளுக்கு அப்படி ஒரு கர்வம். கடையில் கிடைப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகத் தேடி வாங்குவாள். நாளைக்கு மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிஷம். பாத்திரம் விளக்குவது மாதிரி விளக்குவாள். ஐம்பத்தாறு வயதில் கீழ்த்தாடையில் இடது பக்கம் வரிசையாக மூன்று பல் ஆட ஆரம்பித்தபோது அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அதே மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் பல் பிரிவு. அங்கே ஒரு பெண் டாக்டர், பொறுமைசாலி. பார்த்தவுடனேயே சொல்லிவிட்டாள்.

"இது அழுக்கால வந்தது இல்லம்மா. தேய்ச்சுத் தேய்ச்சே ஈறு போயிடுச்சு. வேரெல்லாம் வெளிய நிக்குது. அடியில சீழ் பிடிச்சு எலும்பும் கரைஞ்சிருக்கு."

"சீழா? என் வாயிலயா?"

"கொஞ்ச நாளாவே இருந்திருக்கும்."

சீழ் என்றால் என்ன என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போர்வைகளில் பார்த்திருக்கிறாள், மஞ்சளும் பச்சையுமாக, காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதைத்தான் இத்தனை நாளும் உமிழ்நீரோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டர் நீட்டிய கிண்ணத்தில் துப்பினாள், மறுபடி துப்பினாள், துப்புவதற்கு ஒன்றுமில்லாமல் போன பிறகும் துப்பிக்கொண்டே இருந்தாள்.

"மூணையும் எடுத்தாகணும்" என்றாள் டாக்டர். "அதுக்கப்புறம் ரெண்டு வழி இருக்கு. கழட்டி மாட்டுற பல் செட்டு..."

"வேண்டாம்."

"முழுசாச் சொல்லிடுறேனே."

"அது மட்டும் வேண்டாம் டாக்டர். பல்லே இல்லாம இருந்தாலும் இருப்பேன்."

"பல்லே இல்லாம விட்டா மத்ததும் சாய ஆரம்பிக்கும், அப்புறம் முழு செட்டுல வந்து நிக்கும். அப்ப இம்ப்ளான்ட்தான். தாடை எலும்புல ஸ்க்ரூ முடுக்கி மேல பல்லு வைக்கறது. ஆனா ஸ்க்ரூ பிடிக்க உங்களுக்கு அங்க எலும்பு இல்ல. முதல்ல எலும்பு வளர்க்கணும். அதுக்கு ஏதாவது தூள் போட்டு நிரப்பணும். மாட்டு எலும்புத் தூள் இருக்கு, நல்லாச் சுத்தம் பண்ணது."

அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"இறந்துபோனவங்க தானமாக் குடுத்த எலும்பும் இருக்கு."

அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "செத்தவங்க எலும்பைக் கொண்டுவந்து என் வாயில வைப்பீங்களா?"

"அதுவும் வேண்டாம்னா, உங்க பல்லையே போடலாம். எடுக்கிற பல்லைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, அரைச்சு, மணல் மாதிரி ஆக்கி, திரும்ப அந்தக் குழியிலயே போட்டுத் தைச்சிடுவோம். பல்லும் எலும்பும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அஞ்சாறு மாசத்துல அதைச் சுத்தி எலும்பு வளர்ந்துடும்."

பிடுங்கிப் போட்ட பல் திரும்ப வாய்க்கா? வெட்டிய நகத்தைத் திரும்ப ஒட்டுவார்களா, துப்பிய எச்சிலைத் திரும்ப விழுங்குவார்களா? உடம்பை விட்டுப் போன ஒன்று, போன அந்த நொடியிலேயே அழுக்கு. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் மாடு, பிணம், தன் பல் என்று மூன்றையும் வரிசையில் வைத்துப் பார்த்தால் இருப்பதற்குள் கொஞ்சம் தேவலாம் என்று தோன்றியது அதுதான். இதுவும் வேண்டாமென்றால் பல் செட். அதாவது டப்பாவைத் திறந்து சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு சிரித்தாரே, அந்த மனிதராகத் தானே ஆகிவிடுவது. அதற்குப் பயந்து சரி என்றாள்.

மூன்று பல்லும் வந்துவிட்டன. சீழ் ஆற எட்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றாள் டாக்டர். பற்களைச் சுரண்டி, உலர்த்தி, ஒரு சின்ன பாட்டிலில் போட்டு மூடிக் கையில் கொடுத்தாள். "உடம்புல இருந்து எடுத்ததை இங்க வெச்சுக்க எங்களுக்கு அனுமதி இல்லம்மா. வீட்டு ஃப்ரீசர்ல வைங்க. மூடியைத் திறக்காதீங்க. எதையும் ஊத்தாதீங்க. அப்படியே கொண்டுவாங்க."

வீட்டு ஃப்ரீசரில்! சாப்பாட்டுப் பொருள் வைக்கிற இடத்தில்! அக்கா அந்த பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் போட்டு, ஃப்ரீசரிலிருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டுவிட்டு அதை மட்டும் வைத்தாள். இரண்டு நாளில் கீழ்த் தட்டில் இருந்த பாலிலும் அந்த வாடை வருவதாகத் தோன்றியது. மூடிய பாட்டிலுக்குள் இருக்கிற பல்லுக்கு என்ன வாடை என்றெல்லாம் கேட்கக் கூடாது, வந்தது என்றால் வந்தது. பாலை ஊற்றிவிட்டாள். நாலாவது நாளிலிருந்து ஃப்ரிஜ்ஜையே தொடவில்லை, அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைத்தாள்.

"எனக்குத்தான் பல்லில்ல, ஃப்ரிஜ்ஜுக்காவது முளைச்சிருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருக்கீங்களா?"

"சும்மாத்தான் இருக்கேன். அதுகிட்ட கை நீட்டினாத்தான் பயம், கடிச்சிடுமோன்னு."

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மனசு மூடிக்கொள்ளவில்லை. சீழில் ஊறிய பல். அதை ஒரு பெண் ஏதோ ஊசியால் சுரண்டியிருக்கிறாள், அவ்வளவுதான். சுரண்டினால் சுத்தமாகிவிடுமா? அவள் இத்தனை வருடத்தில் சுரண்டி மட்டும் ஒரு போர்வையை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறாளா? ஒன்பதாவது நாள் காலையில் அவள் மனசில் ஒரு வழி பட்டது. பட்டவுடன், இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பல்லை வேலைக்குக் கொண்டுபோனாள். காலுறை துவைக்கிற வலைப்பைக்குள் மூன்றையும் போட்டு வாயைத் தைத்தாள். அதை ஒரு தலையணை உறைக்குள் போட்டாள். தொற்று நோய் வார்டின் துணியோடு சேர்த்து மெஷினுக்குள் தள்ளி, இருப்பதிலேயே கடுமையான புரோகிராமைப் போட்டாள். தொண்ணூறு டிகிரி, இரட்டை சோடா, இரட்டை பிளீச். அது ஓடி முடிவதற்குள் குளித்து உடை மாற்றிக்கொண்டு சுத்தப் பக்கத்துக்கு ஓடினாள். ஆனால் அங்கே மடிப்புக்காரி அதற்குள் கதவைத் திறந்து, வலைப்பையைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்ன, கல்லா?"

"பொத்தான்."

மடிப்புக்காரி பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எந்தச் சட்டைக்கு அக்கா வேர் வெச்ச பொத்தான்?" என்று கேட்டவள், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துபோய், பையை மேஜையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போய்விட்டாள்.

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். இன்னும் இருந்தது. அவள் மூக்குக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று. மறுநாள் தண்ணீர் கலக்காத பிளீச்சில் போட்டு லாக்கரில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றினாள். ஆறு நாள். பிறகு இன்னொரு முறை மெஷினில் போட்டாள். இந்த முறை வெளியே வந்தவற்றைப் பார்த்து அவளுக்கே கண் கூசியது. பல் அல்ல அது. சுவருக்குப் பூசுகிற வெள்ளை. எந்த வார்டிலிருந்தும் எந்தத் துணியும் இத்தனை வெளுத்து வந்ததில்லை. அவற்றை அதே பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாள், பாலையும் பக்கத்திலேயே வைத்தாள். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

"திறக்காதன்னு சொன்னாங்களே" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லுவாங்க. அவங்களுக்குச் சலவையைப் பத்தி என்ன தெரியும்?"

எட்டு வாரம் முடிந்து வரச் சொன்ன நாளில் துணைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் பாட்டிலைத் திறந்தவுடன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அறை முழுவதும் பிளீச் வாடை. ஒரு பல்லை இடுக்கியால் பிடித்தாள். பிடித்த இடம் அப்படியே பொடிந்து தட்டில் உதிர்ந்தது, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டி மாதிரி. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை அவள் தொடவே இல்லை.

"இதுக்கு என்ன பண்ணீங்க?"

அக்கா சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். புரோகிராமின் பெயரைக்கூடச் சொன்னாள்.

டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. "பல்லுக்குள்ள பசை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. எலும்பு வளரணும்னா அதுதான் வேணும். பிளீச்சு அதைத் தின்னுடுச்சு. இனி இது வெறும் சுண்ணாம்பு. அரைச்சா மணலா வராது, மாவாப் போயிடும். உள்ள நிக்காது."

"சுத்தமாத்தானே இருக்கு?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு. அதான் பிரச்சினை."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. எட்டு வாரமாக இடது பக்கம் மெல்லாமல், இரவு பகலாக அதையே நினைத்து, கடைசியில் தானே தன் கையால் கெடுத்துவைத்திருக்கிறாள். டாக்டர் மாட்டுத் தூளை எடுக்கவா என்று கேட்டாள். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பின்னே பல் செட்டுக்கு அளவு எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அக்கா அதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தன் செட்டு தெரியாதபடி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். யார் எதிரிலும் அவர் அப்படி மூடிக்கொள்கிற ஆளில்லை.

டாக்டர் பழைய எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தாள். "இன்னொரு வழி இருக்கு. மேல வலது பக்கம் கடைசியில ஒரு ஞானப் பல் இருக்கு. கீழ அதுக்கு ஜோடி இல்ல, மெல்லறதுக்கு உதவாது, சும்மா நிக்குது. அதை எடுத்து அரைச்சா ரெண்டு ஸ்க்ரூவுக்கு எலும்பு கிடைக்கும். ரெண்டு ஸ்க்ரூ மேல பாலம் மாதிரி மூணு பல்லையும் கட்டிடலாம். ஆனா ஒண்ணு. எடுக்கறது, அரைக்கறது, போடறது எல்லாம் இன்னைக்கே, இங்கயே, ஒரே மூச்சுல. வீட்டுக்கெல்லாம் இனி குடுக்க மாட்டேன்."

"கழுவுவீங்களா?"

"அரைச்சதை ஒரு மருந்துத் தண்ணியில பத்து நிமிஷம் ஊறவைப்போம்."

"பத்து நிமிஷமா? ஒரு போர்வைக்கே நான் முக்கால் மணி நேரம் குடுக்கிறேன்."

"போர்வை உங்க உடம்புல ஒட்டி வளர வேண்டாமேம்மா."

அக்கா கையைப் பிசைந்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "எடுங்க" என்றாள்.

நடந்ததை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அதில் அழகும் இல்லை. மரத்துப்போன வாய்க்குள் ஒரு முறிகிற சத்தம் கேட்டது, வலி இல்லாமல் சத்தம் மட்டும். டாக்டர் பல்லைத் தூக்கினாள். வேரின் நுனியில் சிவப்பாக ஒரு சதைத் துணுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு சுழலும் ஊசியால் சீவினாள், முடி கருகுகிற நாற்றம் வந்தது. தன்னுடைய நாற்றம்தான் அது என்று அக்காவுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் நாறுகிறார்கள் என்று ஊரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், தன் மண்டைக்குள்ளிருந்து வருகிற நாற்றத்தை வாயைத் திறந்துவைத்துக்கொண்டு முகர வேண்டியிருந்தது.

அரைக்கும் மெஷின் காபிக்கொட்டை அரைப்பது மாதிரி சின்னது. வீட்டுக்காரருக்கு மெஷின் என்றால் ஆசை விடாது. எழுந்து வந்து டாக்டரின் உதவியாளர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "சின்ன மோட்டார்தான், ஆனா இழுவை நல்லா இருக்கு" என்றார். பல் உள்ளே விழுந்தது. சில நொடிதான். கறமுறவென்று ஒரு காய்ந்த சத்தம். அதற்குப் பிறகு அவர் மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் மணல் கொட்டியது. ஊறவைத்தார்கள், வடித்தார்கள், அவள் குழியிலிருந்தே எடுத்த ரத்தத்தில் பிசைந்தார்கள். சிவப்பு ஈர மணல். டாக்டர் அதைச் சின்னக் கரண்டியால் அள்ளி அள்ளி வைத்து அழுத்தினாள். கொஞ்சம் சிதறி நாக்கில் விழுந்தது. நாக்கு மரக்கவில்லை. நறநறவென்று உப்பும் இரும்புமாக ஒரு ருசி. துப்ப முடியாது, வாய் நிறையக் கருவி. அக்கா அதை விழுங்கினாள். கண்ணின் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. தைத்து முடித்துவிட்டேன் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

இரண்டு வாரம் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும். வாயைத் திறந்து கண்ணாடியில் பார்க்கவே மாட்டாள். நாக்கு தானாக அந்தப் பக்கம் போனால் உடனே இழுத்துக்கொள்வாள், பக்கத்து வீட்டு நாயை இழுப்பது மாதிரி. வேலைக்குப் போனாள். மூட்டைகளைப் பிரித்தாள். அந்த வாரம் ஒரு பல் செட் வந்தது. வழக்கம் போலக் குமட்டியது, ஆனால் அதைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, பிடித்துக்கொள்ளும், பல் செட்டுக்கு வேலை இருக்காது என்றாள்.

அவளுக்கு மூச்சு வந்தது. வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். தன்னுடைய தாடைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு, இனி யாருடைய வாயைப் பார்த்தும் மூக்கைச் சுளிக்கிற யோக்கியதை தனக்கு இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறை.

"ஏங்க, இங்கயே வந்து உக்காருங்க."

அவர் நின்று பார்த்தார். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார். அக்கா சூப்பில் கரண்டியை விட்டு வாயைத் திறந்தாள். அவர் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பார்வையை மேஜை விளிம்புக்குக் கொண்டுபோனார்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடு."

"சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காத. நீ வாயைத் திறந்தா எனக்கு அந்த அரைக்கிற சத்தம் கேக்குது. அந்தச் சிவப்பு மணல் கண்ணு முன்னாடி வருது. இறங்க மாட்டேங்குது."

"நீங்களா? செத்த எலி பக்கத்துல உக்காந்து தின்ன ஆளு?"

"எலி என் பொண்டாட்டி இல்லையே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. முகம் உண்மையாகவே வெளிறியிருந்தது. நெற்றியில் வேர்வை. மேஜையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு எழப் போனார். "பதினோரு வருஷமெல்லாம் ஆகாது. ஒரு வாரம் குடு, போதும். பழகிடும்" என்றார்.

"நீங்க இருங்க" என்றாள் அக்கா. "நான் போறேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து நடைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். துவைப்பதற்காக இந்த இடத்துக்கு ஆயிரம் முறை வந்திருக்கிறாள், ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் சுவர். கிண்ணத்தை வைக்க இடமில்லை. மெஷினின் மேற்பக்கம் உட்கார்ந்து சாப்பிட எட்டாத உயரம், தரையில் வைத்தால் குனிய முடியாது. முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு அதன் மேல்தான் வைத்தாக வேண்டும், கொஞ்சம் அசைந்தாலும் சரிந்துவிடும். இப்படித்தான் அவர் சாப்பிட்டிருக்கிறார். ஒரு சின்ன மேஜை வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்கவில்லை என்பதைக்கூட அவள் கவனித்ததில்லை.

சூடு முழங்காலில் சுட்டது. அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து குடித்தாள்.